ஆட்டுப்பால் சோப்பு: உள்ளே ரவை ரவையாக, மேலே வெடிப்பு. காஸ்டிக் கூடிவிட்டதா?

கேள்வி (குன்னூரிலிருந்து), டிசம்பர் 14

தேங்காய் எண்ணெய் 300 கிராம், ரேஷன் பாமாயில் 200, கோகம் வெண்ணெய் 50, விளக்கெண்ணெய் 50. காஸ்டிக் சோடா 92 கிராம். தண்ணீரே சேர்க்கவில்லை. முழுக்க ஆட்டுப்பால், 200 கிராம், ஐஸ் கட்டியாக உறைய வைத்தது. காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரைத்தேன். பால் கடைசி வரை வெள்ளையாகவே இருந்தது, ரொம்ப சந்தோஷம். எண்ணெயில் ஊற்றி பிளெண்டரை இரண்டு முறை அழுத்தியதுமே கெட்டியாகிவிட்டது. அள்ளி மோல்டில் அப்பி, குளிருக்குக் கம்பளி சுற்றி வைத்தேன். மறுநாள் மேலே வெடிப்பு. வெட்டினால் உள்ளே ரவை ரவையாக, வெள்ளைப் புள்ளிகளோடு. ஓரம் உதிர்கிறது. நடுவில் மட்டும் நிறம் கருத்து வழவழப்பாக ஒரு வட்டம். தூக்கிப் போட வேண்டியதுதானா?

டிசம்பர் 14, இரவு

தூக்கிப் போடாதீர்கள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. தேங்காய் எண்ணெய்க்கு ஒரு கிராமுக்கு 0.183, அதாவது 54.9 கிராம் காஸ்டிக். பாமாயிலுக்கு 0.142, அதாவது 28.4. கோகமும் விளக்கெண்ணெயும் சேர்ந்து 13 சொச்சம். மொத்தம் 96 கிராமுக்கு மேல் வரும். நீங்கள் போட்டது 92. ஐந்து சதவீதத்தை ஒட்டிய எண்ணெய் சோப்பாகாமல் மிச்சமாக நிற்க வேண்டும். பாலில் இருக்கும் கொழுப்பு அதற்கும் மேல்.

ஆனால் கணக்கு சரி என்பதால் சோப்பு பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. போட்ட காஸ்டிக் முழுக்கக் கரைந்திருக்க வேண்டும். பாலில் அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் என்றால் கரையாத செதில் அடியில் கிடப்பது தெரியும், பால் மறைத்துவிடும். அதனால் வெள்ளைப் புள்ளி என்றதும் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான்.

கையுறை போட்டுக்கொண்டு ஒரு புள்ளியை ஊசியால் குத்திப் பாருங்கள். நறுக்கென்று கடினமாக இருந்து, சுற்றிலும் ஈரம் கசிந்தால் அது காஸ்டிக். நசுக்கியதும் விரலில் மெழுகாக இழுபட்டால் உறைந்த கொழுப்பு. மென்மையாக, கொஞ்சம் மஞ்சளாக, திப்பியாக இருந்தால் பால் கொழுப்பே காஸ்டிக்கோடு சேர்ந்து ஜக்கிலேயே சோப்பாகிக் கட்டி தட்டியது.

அப்புறம் நாக்குச் சோதனை. இரண்டு மூன்று நாள் விட்டு, ஈர விரலால் சோப்பைத் தேய்த்து, விரலை நாக்கு நுனியில் லேசாகத் தொடவும். சோப்புச் சுவை மட்டும் இருந்தால் சரி. சுரீரென்று அடித்தால் காஸ்டிக் மிச்சம் இருக்கிறது, உடனே வாயைக் கொப்பளியுங்கள். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். புள்ளி உள்ள இடம், புள்ளி இல்லாத இடம், ஓரம், நடு என்று எல்லாவற்றிலும் பாருங்கள். புள்ளி காஸ்டிக் என்று ஊசியிலேயே தெரிந்துவிட்டால் நாக்கு வரை போகவே வேண்டாம்.

டிசம்பர் 15

காலையில் உங்கள் கேள்வியை மறுபடி படித்தேன். "இரண்டு முறை அழுத்தியதுமே கெட்டியாகிவிட்டது" என்ற வரியை நேற்று போதுமான அளவுக்குக் கவனிக்கவில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

குன்னூர், டிசம்பர், ஐஸ் பால். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறைந்துவிடும். கோகம் வெண்ணெய் உருக 40 டிகிரியை நெருங்க வேண்டும். நீங்கள் ஊற்றிய பால் கரைசல் எத்தனை டிகிரி என்று எழுதவில்லை, ஆனால் ஐஸ் கரைந்தும் கரையாமலும் இருந்திருந்தால் 10, 15 தான் இருக்கும். அது பட்டதும் கோகமும் தேங்காய் எண்ணெயும் அங்கங்கே உறைந்துவிட்டன. பார்க்க ட்ரேஸ் (எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்து கலவை கெட்டிப்படும் பதம்) வந்த மாதிரி கெட்டியாகத் தெரியும். உள்ளே எண்ணெயும் காஸ்டிக்கும் இன்னும் சேரவே இல்லை. பொய் ட்ரேஸ் என்று சொல்வது இதைத்தான். ரவை ரவையாக இருப்பது அந்த உறைந்த கொழுப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஊசி என்ன சொல்கிறது என்று எழுதுங்கள்.

அடுத்த தடவை சந்தேகம் வந்தால் மோல்டில் அப்ப வேண்டாம். பாத்திரத்தை அப்படியே வெந்நீரில் இறக்கி, கரண்டியால் கிளறிக்கொண்டே 35, 38 டிகிரி வரை கொண்டுவாருங்கள். பொய் ட்ரேஸ் என்றால் இளகித் தண்ணியாகிவிடும். நிஜ ட்ரேஸ் என்றால் சூடு ஏற ஏற இன்னும் கெட்டியாகும். இளகினால் அதற்கு அப்புறம் பிளெண்டர் போடலாம்.

டிசம்பர் 15, மாலை

பாத்திரம் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வெந்நீரில் இறக்கச் சொன்னேன் என்று அலுமினியக் குண்டாவை எடுத்துவிடாதீர்கள். காஸ்டிக் அலுமினியத்தை அரிக்கும், ஹைட்ரஜன் வாயு வரும். வடிகட்டியும் அப்படியே. சில டீ வடிகட்டிகளில் வலை ஸ்டீல், வளையம் அலுமினியம். எவர்சில்வர் அல்லது கனமான பிளாஸ்டிக் மட்டும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. தோலில் பட்டால் வினிகரைத் தேடி ஓட வேண்டாம், குழாயைத் திறந்து நிறையத் தண்ணீர் விடுங்கள்.

டிசம்பர் 18

ஊசிச் சோதனை முடிவு வந்திருக்கிறது. புள்ளிகள் மெழுகாக இழுபட்டன, நாக்கில் நடுவில் ஒன்றும் இல்லை, ஓரத்தில் மட்டும் லேசாகச் சுரீர். நல்லது தம்பி, இதுதான் எதிர்பார்த்தது. கொழுப்பு உறைந்து தனியாக நின்ற இடத்தில், அதன் பங்குக் காஸ்டிக் பக்கத்தில் தனியாக நிற்கிறது. நடுவில் சூடு ஏறியதால் அங்கே எல்லாம் உருகிச் சேர்ந்துவிட்டது. அந்தக் கருத்த வட்டம் ஜெல், அதாவது சூட்டில் சோப்பு இளகிக் கண்ணாடி மாதிரி ஆகும் நிலை. கம்பளி சுற்றியதால் நடு மட்டும் 70 டிகிரியை ஒட்டிப் போயிருக்கும், ஓரத்துக்குக் குன்னூர்க் குளிர் பட்டு ஜெல்லே வரவில்லை. ஓரம் உதிர்வதும் நடு வழவழப்பாக இருப்பதும் ஒரே காரணத்தால்தான். மேலே வெடித்ததும் அதே சூடு. பால் சர்க்கரை இருந்தால் சூடு இன்னும் வேகமாக ஏறும், உள்ளே விரிந்து மேல்தோலைப் பிளக்கும்.

மீட்பது எளிது. காய்கறித் துருவியில் துருவுங்கள் (அதுவும் அலுமினியமாக இருக்கக் கூடாது, கையுறையோடு). எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, அடியில் கொதிநீர்ப் பாத்திரம் வைத்து மூடி, அவ்வப்போது கிளறுங்கள். வறண்டு இருந்தால் பால் அல்லது தண்ணீர் தெளிக்கலாம், ஒரு கிலோ சோப்புக்கு 100 மில்லிக்குள். நிறைய ஊற்றினால் காயும்போது சுருங்கிக் கோணும். வெள்ளைத் துகள் எதுவும் தெரியாமல் ஒரே மாதிரி மினுமினுப்பாக, உருளைக்கிழங்கு மசியலின் பதத்துக்கு வந்ததும் மோல்டில் அழுத்துங்கள். மோல்டைத் தரையில் தட்டுவது முக்கியம், இல்லாவிட்டால் உள்ளே பொந்து விழும். நிறம் பழுப்பாகும். மேல் பகுதி கரடுமுரடாக இருக்கும். குளிப்பதற்கு அருமையான சோப்பு.

டிசம்பர் 19

"பழுப்பாகும் என்றால் வேண்டாம் அக்கா, வெள்ளையாகவே மீட்க வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும். பால் சோப்பில் பதம் கெட்டுப்போவதாக வரும் புகார்களைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். என் கணிப்பில் பாதிக்கு மேல் வெள்ளை நிறத்துக்காகச் செய்யப்போய் வந்தவை. காஸ்டிக் கரையும்போது கடும் சூடு வரும், பாலில் உள்ள லாக்டோஸ் காரத்திலும் சூட்டிலும் சிதைந்து மஞ்சளாகி, ஆரஞ்சாகி, பழுப்பாகும். கூடவே பால் புரதம் உடைவதால் அம்மோனியா நெடி வரும். அதைப் பார்த்துப் பயந்து, பால் கெட்டுவிட்டது என்று நினைத்து, ஐஸ், ஐஸ் மேல் ஐஸ், ஃப்ரீசர் என்று போகிறோம். போகப் போக இரண்டு விஷயம் நடக்கிறது. குளிரில் காஸ்டிக் சரியாகக் கரைவதில்லை. கரைந்தாலும் அந்தக் குளிர்ந்த பால் எண்ணெயை உறைய வைக்கிறது. வெள்ளை நிறம் கிடைக்கிறது, சோப்பு மணலாகிறது.

பழுப்பு குறை அல்ல. பால்கோவா பழுப்பாக இருந்தால் நாம் யாரும் கெட்டுப்போனது என்று சொல்வதில்லையே. அம்மோனியா நெடியும் காயக் காயப் போய்விடும். வெளிர் பழுப்பு நிறத்தில், கையில் எடுத்தால் கனமாக, நீரில் பட்டதும் சின்னச் சின்ன நுரையாக வரும் ஆட்டுப்பால் சோப்பைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் அதன் சொந்த நிறம் என்று தோன்றுகிறது.

மீட்கும்போது வெள்ளை வராது. அடுத்த தடவைக்கு ஒரு வழி சொல்கிறேன், அதில் நிறமும் பெரிதாகப் போகாது, பதமும் கெடாது. நாளை எழுதுகிறேன், கணக்கோடு.

டிசம்பர் 20

சொன்ன கணக்கு. உங்கள் அளவையே எடுத்துக்கொள்வோம்: காஸ்டிக் 92 கிராம், திரவம் மொத்தம் 200 கிராம்.

காஸ்டிக்கைக் கரைக்க அதன் எடைக்குச் சமமான தண்ணீராவது வேண்டும். அதைவிடக் குறைந்தால் சாதாரண வெப்பத்தில் முழுக்கக் கரையாது. ஆகவே 92 கிராம் தண்ணீர், பாதுகாப்புக்கு 95 என்று வையுங்கள். இதில் காஸ்டிக்கைப் போட்டு (காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக்) கரைத்து, தெளியும் வரை விடுங்கள். செதில் கரைந்ததா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். பால் சோப்பின் பெரிய கண்டம் இங்கேயே தாண்டிவிடுகிறது. அறை வெப்பத்துக்கு ஆறட்டும்.

மீதி 105 கிராம் பால். இது காஸ்டிக் பக்கமே போக வேண்டாம். எண்ணெயை 35, 38 டிகிரிக்கு உருக்கி, அதில் பாலை ஊற்றி பிளெண்டரால் ஒரு முறை சேர்த்துவிடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பால் வேண்டாம், வெளியே வைத்துக் குளிர் போனது. அப்புறம் காஸ்டிக் கரைசலை மெல்லிசாக, கிளறிக்கொண்டே.

பாதிதான் பால் என்று வருத்தம் இருந்தால் 13 கிராம் பால் பவுடர் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான் திடப்பொருள், மீதி தண்ணீர். 95 கிராம் தண்ணீருக்கு 13 கிராம் பவுடர் சேர்ந்தால் ஏறக்குறைய முழுப்பால் கணக்கு வந்துவிடும்.

தண்ணீர் என்றால் போர்த் தண்ணீர் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் போதும். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் காஸ்டிக் பட்டதும் வெள்ளையாகப் படியும், அதைக் கரையாத காஸ்டிக் என்று நினைத்துக் குழம்புவீர்கள்.

டிசம்பர் 23

முதல் நாள் புள்ளி மூன்று வகை என்றேன். நான்காவது ஒன்று உண்டு, பால் பவுடரைச் சிபாரிசு செய்துவிட்டு அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பவுடரை நேராக ட்ரேஸில் தூவினால் கட்டி கட்டியாக நிற்கும். முதலில் வெள்ளையாக, பிறகு பழுப்புப் புள்ளியாக. ஊசியால் குத்தினால் மாவாக உதிரும். ஆபத்து ஒன்றும் இல்லை, பார்க்கத்தான் அசிங்கம். பவுடரை ஒரு கரண்டி விளக்கெண்ணெயில் குழைத்து, கட்டி இல்லாமல் ஆனதும் மீதி எண்ணெயில் சேர்த்தால் வராது.

ஜனவரி 6

சென்னையிலிருந்து ஒருவர், தனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை என்கிறார். முழுப்பால் சோப்பு, மரப் பெட்டி மோல்டு, மேலே சுருக்கம் சுருக்கமாக எழும்பி, நடுவில் சுரங்கம் மாதிரி ஓட்டை, அதில் எண்ணெய் கசிவு. காஸ்டிக் பிரிந்துவிட்டதா என்று கேட்கிறார்.

சூடுதான். மரம் சூட்டை வெளியே விடாது. பாலில் சர்க்கரை. அதோடு தேன் ஒரு கரண்டி சேர்த்ததாகவும் கடைசி வரியில் எழுதியிருக்கிறார்! தேன் முதல் வரியில் வந்திருக்க வேண்டிய செய்தி. இரண்டு சர்க்கரையும் சேர்ந்து உள்ளே கொதித்திருக்கிறது. கசிந்த எண்ணெயைத் துடைத்து எறிய வேண்டாம், அதற்குரிய காஸ்டிக் சோப்புக்குள்ளே இருக்கிறது. ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சாவிட்டால் மேலே எழுதிய மாதிரி துருவி உருக்கிச் சேர்க்க வேண்டியதுதான்.

அடுத்த தடவை சிலிக்கான் மோல்டு, ஒவ்வொரு கட்டியும் தனித்தனிக் குழியில். பெரிய பெட்டியில் ஊற்றுவதைவிடச் சூடு வேகமாக வெளியேறும். தேவைப்பட்டால் ஒரு நாள் ஃப்ரிட்ஜ். சாப்பாட்டுச் சாமான் இல்லாத தட்டில், மூடி.

ஆனால் ஃப்ரிட்ஜில் வைத்த சோப்பு மறுநாளே வெட்டும் பதத்துக்கு வராது. ஜெல் வராத சோப்பு ஆரம்பத்தில் மென்மையாகவும், கத்தி பட்டால் உதிர்வதாகவும் இருக்கும். அதைப் பார்த்துக் காஸ்டிக் அதிகம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாள் கூட விடுங்கள். வெளியே எடுத்ததும் மேலே வியர்க்கும், அதைத் தேய்க்காமல் காற்றில் விடுங்கள்.

குன்னூர்க்காரருக்குக் கம்பளியே வினையானது, சென்னைக்காரருக்கு மரப்பெட்டி. முழுக்க ஜெல் வரட்டும், அல்லது வரவே வேண்டாம். நடுவில் நிற்பதுதான் வட்டம் போடுகிறது. குன்னூரில் முழு ஜெல் வேண்டுமானால் மோல்டை முன்னாலேயே வெதுவெதுப்பாக்கி, எல்லாப் பக்கமும் சமமாக மூட வேண்டும். மேலே மட்டும் கம்பளி போட்டால் அடியும் ஓரமும் குளிரும்.

ஜனவரி 9

எருமைப்பால் கேள்வி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து. சோப்பு பல வாரமாகியும் அழுத்தினால் விரல் பதிகிறதாம், மேலே பிசுபிசுப்பு.

ஆட்டுப்பாலில் கொழுப்பு 4 சதவீதத்தை ஒட்டி. 200 கிராமில் 8 கிராம். எருமைப்பாலில் 7 என்று வைத்தால் 14 கிராம். பால் கொழுப்புக்கு ஒரு கிராமுக்கு 0.162 காஸ்டிக் வேண்டும், அதாவது 2.3 கிராம். ஏற்கெனவே ஐந்து சதவீதம் மிச்சம் வைத்த கணக்கில் இது ஏழுக்குக் கொண்டுபோய்விடும். நீங்கள் எட்டு வைத்து, பாலாடையையும் எடுக்காமல் ஊற்றியிருக்கிறீர்கள். பத்தைத் தாண்டியிருக்கும். அதோடு நல்லெண்ணெய் பாதி. நல்லெண்ணெய்ச் சோப்பு தானாகவே மெதுவாகத்தான் இறுகும்.

பாக்கெட் பால் என்றால் கணக்கு இன்னும் சுலபம். ஆவின் நீலத்தில் 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. எடையோடு பெருக்கினால் கொழுப்பு தெரிந்துவிடும். நான் முழுப்பால் போடும்போது மிச்ச எண்ணெயை மூன்று சதவீதமாகத்தான் வைப்பேன், மீதியைப் பாலே பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று: தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கல்லுப்பைக் கரைத்துவிட்டு, அப்புறம் காஸ்டிக் போடுங்கள். கட்டி சீக்கிரம் இறுகும். அயோடின் உப்பு வேண்டாம். அதிகமானால் நுரை குறையும், அதனால் ஒரு டீஸ்பூனோடு நிறுத்துங்கள்.

ஜனவரி 10

கல்லுப்பு என்றதும் இன்னொருவர் பாலில் கரைக்கலாமா என்கிறார். வேண்டாம், தண்ணீரில். உப்பிலும் அடியில் கசடு இருக்கும், தண்ணீரில் கரைத்தால் வடிகட்டலாம்.

ஜனவரி 21

தயிர் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். எனக்குப் பிடித்த சோப்பு அதுதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

தயிரில் லாக்டோஸின் ஒரு பங்கு லாக்டிக் அமிலமாக மாறியிருக்கும். அமிலம் காஸ்டிக்கைத் தின்னும். ஒரு கிராம் லாக்டிக் அமிலத்துக்கு 0.44 கிராம் காஸ்டிக். வீட்டுத் தயிரில் ஒரு சதவீதம் அமிலம் என்று வைத்தால் 200 கிராம் தயிரில் 2 கிராம், அது தின்பது 0.9 கிராம். குன்னூர்க் கணக்கின் 92 கிராமில் ஒரு சதவீதம். பெரிய விஷயம் இல்லை. ஆனால் நன்றாகப் புளித்த தயிர் என்றால் கூடும், தயிரும் வைத்து மிச்ச எண்ணெயும் எட்டு வைத்தால் சோப்பு இளகத்தான் செய்யும்.

இந்த அமிலமும் காஸ்டிக்கும் சேர்ந்தால் சோடியம் லாக்டேட். கடையில் சோப்புக் கட்டி இறுக என்று பாட்டிலில் விற்கிறார்களே, அதே பொருள். தயிர்ச் சோப்பில் அது கொஞ்சம் தானாகவே உண்டாகிறது. அளவு சிறிது, ஆனாலும் மோல்டிலிருந்து தயிர்ச் சோப்பு சுத்தமாகக் கழன்று வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பதம் கெடுவது வேறு காரணத்தால். தயிர் என்பது உறைந்த புரதம். கடையாமல் ஊற்றினால் அந்தத் திப்பி அப்படியே சோப்பில் நிற்கும், வெட்டும்போது கத்தி இழுக்கும். மத்தால் நன்றாகக் கடைந்து, மெல்லிய துணியில் வடிகட்டி, எண்ணெயில் சேருங்கள். காஸ்டிக்கை நேரடியாகத் தயிரில் கரைக்க வேண்டாம். திரிந்து, இழை இழையாகி, வடிகட்டவும் முடியாது. மேலே எழுதிய பாதித் தண்ணீர் முறை தயிருக்கு இன்னும் அவசியம்.

மோருக்கும் இதே. தாளித்த மோர் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் கடை மோர்ப் பாக்கெட்டில் உப்பும் இஞ்சியும் இருக்கும், அதைப் பாருங்கள்.

ஜனவரி 22

சீம்பால் சோப்பு செய்யலாமா என்று ஒரு கேள்வி. சூடு பட்டதும் உறையும் அளவுக்குப் புரதம் அதில். காஸ்டிக் சூட்டில் கட்டி தட்டி, நெடியும் கடுமையாக வரும். கன்றுக்கு விட்டுவிடுங்கள். மிஞ்சினால் வெல்லம் போட்டு வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

பிப்ரவரி 11

குன்னூர்த் தம்பியின் அடுத்த ஈடு வந்திருக்கிறது. பாதித் தண்ணீர், பாதிப் பால், கரைசலும் எண்ணெயும் 35 டிகிரியில். ரவை இல்லை, வெடிப்பு இல்லை, வெளிர் சந்தன நிறம். படம் பார்த்தேன், மிக நன்றாக இருக்கிறது. வெட்டிய முகத்தில் சின்னச் சின்ன ஓட்டை என்று கவலைப்படுகிறார். அது காற்று. பிளெண்டரைச் சாய்த்து இறக்கி, அடியில் வைத்து மெல்லத் தட்டிக் காற்றை வெளியேற்றிய பிறகே பட்டனை அழுத்துங்கள், ஓடும்போது மேலே தூக்காதீர்கள்.

மார்ச் 3

நெய்ச் சோப்பு. பழைய நெய் வீணாகிறதே என்று கேட்டவருக்கு.

செய்யலாம். பதத்தில் பிரச்சினை வராது. நெய்யில் சர்க்கரையும் புரதமும் போய்விட்டதால் பாலை விட அடக்கமாக நடந்துகொள்ளும், பழுப்பும் ஆகாது. கட்டியும் கடினமாக வரும். வாடைதான் சிக்கல். பால் கொழுப்பில் பியூட்ரிக் அமிலம் உண்டு. கெட்டுப்போன வெண்ணெயின் குமட்டல் வாடை அதனுடையதுதான். அதை வெண்ணெயிலிருந்து பிரித்து அடையாளம் கண்டவர் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல். சோப்பு எப்படி உண்டாகிறது என்பதையே நமக்குத் தெளிவாக்கியவரும் அவர்தான். கொழுப்புகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1823இல் வந்தது. இன்றைக்கு நாம் 0.183, 0.162 என்று பெருக்கிக்கொண்டிருப்பதற்கு அடித்தளம் அந்த ஆராய்ச்சி. அதை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது.

ஏற்கெனவே சிக்குப் பிடித்த நெய்யில் அந்த அமிலம் விடுபட்டு நிற்கும். சோப்பானபின் பெரும்பகுதி அடங்கும், ஆனால் மிச்ச எண்ணெயாக நிற்கும் நெய் மறுபடி சிக்குப் பிடிக்கும். அதனால் புது நெய்யாக இருந்தாலும் மொத்த எண்ணெயில் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம், மிச்ச எண்ணெயையும் மூன்றுக்குக் கீழே வையுங்கள். சிக்குப் பிடித்ததை விளக்குக்கு எரியுங்கள்.

மார்ச் 4

நெய்யைக் காஸ்டிக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டவருக்கு: 0.162. பால் கொழுப்புக்குச் சொன்ன அதே எண். இரண்டும் ஒன்றுதான்.

ஜூன் 17

மேலே வெள்ளையாகப் படிந்திருக்கிறது, பால் சோப்பு என்பதால் பூஞ்சை பிடித்துவிட்டதா என்று பயந்து எழுதியிருக்கிறார்கள். இத்தனை காரத்தில் பூஞ்சை எளிதில் வராது. அது சோடா. இன்னும் எண்ணெயோடு சேராமல் நின்ற காஸ்டிக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து சோடியம் கார்பனேட்டாகி மேலே படிகிறது. ஈரத் துணியால் துடைத்தால் போகும். ஊற்றியதும் மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடினால் அடுத்த தடவை குறையும். இந்த வெள்ளை மேலே மட்டும்தான் இருக்கும். உள்ளேயும் வெள்ளை இருந்தால் டிசம்பர் 14 குறிப்புக்குப் போய் ஊசியை எடுங்கள்.

அக்டோபர் 29

இங்கே பொள்ளாச்சியில் மழை பிடித்துக்கொண்டது. காய வைத்த சோப்பெல்லாம் முத்து முத்தாக வியர்க்கிறது. சோப்பில் உள்ள கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பது அது. கெட்டுப்போனதல்ல. மின்விசிறி போட்டு, கட்டிக்குக் கட்டி இடைவெளி விட்டு அடுக்குங்கள். வெயிலில் வைக்காதீர்கள்.

கவனிக்க வேண்டியது ஆரஞ்சுப் புள்ளி. மிச்ச எண்ணெய் சிக்குப் பிடிப்பதன் அடையாளம். சூரியகாந்தி, நல்லெண்ணெய் அதிகமுள்ள பால் சோப்பில் முதலில் வரும். இரும்புத் தட்டில், துருப்பிடித்த கம்பி ரேக்கில் காய வைத்தால் சீக்கிரம் வரும். இரும்பும் செம்பும் எண்ணெய் கெடுவதை வேகப்படுத்தும். மூங்கில் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து வையுங்கள். புள்ளி வந்த கட்டியைத் தனியாக எடுத்து முதலில் பயன்படுத்திவிடுங்கள், வாடை வருவதற்குள்.

எத்தனை வாரம் காய விடுவது என்பதற்கு நான்கு முதல் ஆறு என்று சொல்வது கோடைக்குச் சரி. மழைக்காலத்தில் நாளை எண்ணாமல் எடையைப் பாருங்கள். ஒரு கட்டியில் குறி போட்டு, வாரா வாரம் சமையல் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்தது. மழை வாரத்தில் இரண்டு மூன்று கிராம் கூடியும் காட்டும். அந்த வாரத்து எடையைக் கணக்கில் எடுக்காமல், வெயில் வந்து நான்கு நாள் கழித்து மறுபடி நிறுங்கள்.